பெயர் கேட்காமல் வாங்கிய வரி

சொத்து வரி வசூலிக்கும் பில் கலெக்டராக வேலை பார்த்தவனுக்கு, ஒரு தெருவில் எத்தனை வீட்டுக்குப் பின்வாசல் உண்டு என்பது மனப்பாடம். முன்வாசலில் நான் மணியை அழுத்தினால், பின்வாசல் வழியாக வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போய்விடுவார். அவசரத்தில் போக முடியாதவர்கள் உள்ளேயே இருப்பார்கள். "அவர் ஊர்ல இல்லீங்களே" என்று வீட்டு அம்மாள் சொல்லும்போதே, "எங்கேன்னு கேட்டா லால்குடின்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து அவர் குரலும் சேர்ந்து வரும். நானும் லால்குடிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

என் கல்யாணக் கதையும் இந்த லட்சணம்தான். பெண் பார்க்க உறையூருக்குப் போனபோது, வாசலில் என்னைப் பார்த்ததும் என் மாமனார் சட்டென்று கதவைச் சாத்தினார். அவருக்கு இரண்டு அரையாண்டு வரி பாக்கி இருந்தது. மாப்பிள்ளையாக வந்திருக்கிறேன் என்று புரிய வைப்பதற்குள் பஜ்ஜி ஆறிவிட்டது. "அப்பவே அப்பா சாத்தின கதவு சாத்தினபடியே இருந்திருக்கலாம்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வதுண்டு.

இதையெல்லாம் எழுதச் சொன்னது தினேஷ். நான் ஓய்வு பெற்றபின் என் வார்டுக்கு வந்த பையன். கையில் வரி மெஷின், இடுப்பில் பவர் பேங்க். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் பார்த்தால் "சார், நம்ம ஊழியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்க" என்பான். போன வாரம் வேறொரு விஷயமாகக் கொதித்துக்கொண்டிருந்தான்.

"பேப்பரே இல்லாம வெளிநாட்டுலேர்ந்து வந்து உக்காந்துக்கறாங்க சார். நம்ம தண்ணி, நம்ம ஆஸ்பத்திரி, நம்ம ஸ்கூல். எல்லாம் நம்ம வரிப்பணம். அவங்க என்ன கட்டறாங்க சொல்லுங்க?"

"தம்பி, இப்ப ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினியே, கடைக்காரர் வரியோட சேர்த்துத்தானே காசு வாங்கினாரு? உன் ஆதாரைக் கேட்டாரா?"

"அது வேற சார்."

"எப்படிப்பா வேற?"

அவன் பிஸ்கட்டை டீயில் நனைத்தான். எனக்கு விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு வீடு, ஒரு குழாய், ஒரு மேடம். அதையே எழுதிவிடுகிறேன்.

முதலில் பயிற்சி. இரண்டு நாள் வகுப்பு, அதில் ஒன்றரை நாள் தூங்கினேன். மூன்றாம் நாள் டேப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டை அளக்கப் பின்னாலேயே நகர்ந்து சாக்கடையில் விழுந்தேன். "அளவு சரியா வந்திருக்கு, கைய விட்டுடாத" என்று மேலேயிருந்து சீனியர் கத்தினார். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், இந்த வேலையில் ஆளைவிட அளவு முக்கியம் என்று. பயிற்சி அவ்வளவுதான்.

பரிமளா மேடம் எங்கள் உதவி வருவாய் அலுவலர். அவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அவர் மேசை மின்விசிறி அவரைப் பார்த்து ஓடாது; எதிரே உட்காருகிறவரைப் பார்த்து ஓடும். "வெயில்ல வந்தவங்க அவங்கதானே?" என்பார். எதையும் கேள்வியாகத்தான் பேசுவார். "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் டீ வராது, வந்த வேலையைச் சொல்லு என்று அர்த்தம். யாராவது உள்ளே வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்ப்பார். தாளை நீட்டினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்ப்பார். ஒருநாள் துணிந்து கேட்டேன், ஏன் மேடம் இப்படி என்று.

"ஆளு மங்கலாத் தெரிஞ்சாப் போதாதா? தாளுதானே தெளிவாத் தெரியணும்?"

எதிரே பட்டு வேட்டியில் வந்தவரும் கிழிந்த சட்டையில் வந்தவரும் அவருக்கு ஒரே மங்கல்தான். நானும் மங்கல்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தேன்.

இனி அந்த வீடு. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கத்து வார்டுக்கு நான் மாற்றலாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மார்ச் மாதம். எங்களுக்கு மார்ச் என்பது பரீட்சை, கல்யாணம், தேர்தல் எல்லாம் ஒன்றாக வருவதுபோல. நீண்ட நாள் பாக்கி வைத்திருக்கும் வீடுகளுக்கு நோட்டீஸ், மறுபடி நோட்டீஸ், அதன்பிறகு குடிநீர் இணைப்பைத் துண்டிப்பது. என்னோடு ஃபிட்டர் சேகர் கடப்பாரையுடன் வருவார்.

துண்டிக்கப் போகும் இடத்தில் ஒரு சடங்கு உண்டு. சேகர் கடப்பாரையை மண்ணில் ஊன்றியதும் வீட்டிலிருந்து ஒரு செல்போன் வெளியே வரும். "ஒரு நிமிஷம் பேசுங்க" என்று அதை என் காதில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கம் கவுன்சிலராக இருப்பார். அல்லது கவுன்சிலரின் மைத்துனராக இருப்பார். அல்லது தன்னைக் கவுன்சிலர் என்றே நம்பிக்கொண்டிருக்கும் யாராவது இருப்பார். திட்டு விழும், நான் "சரிங்க, சரிங்க" என்பேன், பாதிப் பணமாவது கட்டிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் நாங்கள் முழுதாகத் துண்டித்த வீடுகள் குறைவு. கடப்பாரை ஒரு வகையான அழைப்பு மணி.

அந்த வீட்டில் கீழே இரண்டு, மாடியில் இரண்டு என்று நான்கு போர்ஷன். வீட்டுக்காரர் கே.கே. நகரில் இருந்தார். சேகர் கடப்பாரையை ஊன்றினார். போன் வரவில்லை. தோண்டினார். வரவில்லை. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வெளியே வந்து பார்த்தார், உள்ளே போனார். சரி, போன் வருகிறது என்று காதைத் துடைத்துக்கொண்டேன். நான்கு போர்ஷனிலிருந்தும் பெண்கள் குடம், வாளி, அண்டா என்று எடுத்துவந்து, குழாயில் இருக்கும் தண்ணீரை ஒருவர் பின் ஒருவராகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் பிடித்து முடித்ததும் அந்தப் பெண்மணி, "இனி வெட்டுங்கோ ஐயா" என்றார்.

சேகர் என்னைப் பார்த்தார். நான் சேகரைப் பார்த்தேன். இந்தக் கட்டத்துக்கு எங்களிடம் நடிப்பு கைவசம் இல்லை. துண்டித்துவிட்டு வந்தோம்.

வழியில் சேகர் சொன்னார்: "சண்டை போடாதவங்க வீட்டுல கை வெச்சா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது சார். நாலு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா தோண்டியிருப்பேன்."

மறுநாள் காலையில் என் கால் தானாக அந்தத் தெருவுக்குப் போயிற்று. அந்தப் பெண்மணி இரண்டு தெரு தள்ளியிருந்த அடிபம்பிலிருந்து குடம் சுமந்து வந்துகொண்டிருந்தார். பெயர் யோகேஸ்வரி. காலையில் இடியாப்பம் பிழிந்து மாணவர் விடுதிகளுக்கு அனுப்புவது பிழைப்பு. கணவர் பெயின்ட் வேலை. அன்றைக்கு இடியாப்பம் பாதிதான் ஆகியிருந்தது. தண்ணீர் இப்படியே போனால் விடுதிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வீடு மாற வேண்டியதுதான்.

"ஏம்மா, நேத்து கவுன்சிலருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"ஆரோட கதைக்கிறது ஐயா? கதைச்சா 'நீங்கள் ஆர்' எண்டு கேப்பினம். அதுக்கு எங்களிட்ட மறுமொழி இல்லை."

குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். நான்கு குடும்பமும் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். அகதி முகாமில் பதியவில்லை. ரேஷன் கார்டு இல்லை, அரிசி கடையில்தான். கணவர் சாரத்திலிருந்து விழுந்தபோது பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, தனியார் கிளினிக்கில் ரொக்கம் கொடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

"வரிதாம்மா பிரச்சினை. வீட்டுக்காரர் வருஷக்கணக்கா கட்டலே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாங்கள் மாசாமாசம் குடுத்துக்கொண்டுதானே இருக்கிறம்? வாடகை புறம்பு. வீட்டு வரி, தண்ணி வரி எண்டு அவர் புறம்பா வாங்குறவர்."

வரியைத் தனியாகக் கொடுக்கிறோம் என்பது வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம்தான். நான் நம்பவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மனிதர் என்னைக் கண்டு ஓடவில்லை; கொண்டாடினார்.

"கட் பண்ணிட்டீங்களா சார்? ரொம்ப நல்லதாப் போச்சு! வரின்னு அவங்க குடுக்கறது ஏதோ வருது, போவுது. அதை விடுங்க. நான் வீட்டை இடிச்சு அபார்ட்மெண்ட் கட்டலாம்னு இருக்கேன். நேரா காலி பண்ணச் சொன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பாங்க. தண்ணி இல்லேன்னா தானா ஓடிடுவாங்க. ஆதாரே கிடையாது சார் அவங்களுக்கு! எங்க போய்ச் சொல்லுவாங்க?"

போனை வைத்தபிறகுதான் எனக்கு விளங்கியது. குடியிருப்பவர்களைக் கிளப்ப அடியாள் வைத்தால் செலவாகும் என்று, அரசாங்கச் சம்பளத்தில் ஓர் அடியாளை இலவசமாக ஏற்பாடு செய்திருக்கிறார். தொப்பையும் டிவிஎஸ் ஃபிப்டியுமாக அந்த அடியாள் நான்தான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அடியாளாக மதித்ததில்லை. மகிழ்ச்சியடையக்கூட முடியவில்லை.

பரிமளா மேடத்திடம் போய் நின்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"டீ சாப்பிடறீங்களா மூர்த்தி?"

எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கட்டடம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"வரி விதிப்பு எண் இருக்கா?"

"இருக்கு. ஆனா குடியிருக்கறவங்களுக்குப் பேப்பர் இல்ல மேடம்."

"நாம கட்டடத்துக்கு வரி போடறோமா, ஆளுக்குப் போடறோமா?"

"கட்டடத்துக்குத்தான். ஆனா நமக்குத் தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லலேன்னா..."

"நீங்க அவங்க பாஸ்போர்ட்டைப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்."

"என்ன பார்த்தீங்க?"

"குழாயைப் பார்த்தேன்."

"குழாய் எந்த நாட்டுக் குழாய்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் பிரித்தார். நாங்கள் யாரும் தொடாத பக்கம் அது. சொத்து வரியை உரிமையாளர் கட்டத் தவறினால், அந்த இடத்தில் குடியிருப்பவரிடம் கேட்கலாம். அவர் கட்டினால், கட்டிய தொகையை உரிமையாளருக்குத் தர வேண்டிய வாடகையில் கழித்துக்கொள்ளலாம். மார்ச் மாதத்து அவசரத்தில் எங்களுக்குக் கடப்பாரைதான் ஞாபகம் வரும், இது வராது. குடியிருப்பவரிடம் கேட்டால் அவர் வீட்டுக்காரரோடு சண்டை போடுவார், அந்தச் சண்டை ஆபீசுக்கு வரும் என்று பயம்.

"நோட்டீஸ் யார் பேருக்குப் போடறது மேடம்? பேரைக் கேட்டா பயந்துடுவாங்களே."

"இதுல பேர்னு எங்க போட்டிருக்கு? 'குடியிருப்பவர்'னு தானே இருக்கு?"

அப்படியே போட்டோம். கதவு எண், தெரு, மேலே "குடியிருப்பவர்" என்ற ஒரே சொல். அதை நான் யோகேஸ்வரி அம்மாளிடம் கொடுத்து விளக்கினேன். நான்கு குடும்பமும் வரப்போகும் மாதங்களின் வாடகையை இங்கே கட்டலாம், அது வாடகையில் கழியும், கட்டியதும் குழாய் வரும்.

"உங்கட கந்தோருக்கு நாங்கள் வரலாமோ? பிடிக்க மாட்டினமோ?"

"அம்மா, வரி கட்ட ஆபீசுக்கு வர்றவங்களைப் பிடிச்சு வைக்கணும்னு எங்களுக்கும் ஆசைதான். யாரும் வரமாட்டேங்கறாங்களே."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அப்படி ஒரு வரலாறு உண்டு. ஆனால் மறுநாள் நான்கு குடும்பத்துப் பணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தார்.

கவுண்டரில் நல்ல கூட்டம். வரிசையில் யோகேஸ்வரி அம்மாளுக்கு முன்னால் ஒரு கனத்த மனிதர், "கட்டி என்னத்தைக் கண்டோம், எல்லாம் யாருக்கோ போவுது" என்று முணுமுணுத்துக்கொண்டே அபராதத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார். அடுத்து இவர். நோட்டீஸையும் பணத்தையும் நீட்டினார். கவுண்டர் பெண் பழக்கதோஷத்தில் நிமிராமலே கேட்டாள்.

"ஆதார் ஜெராக்ஸ் கொண்டு வந்தீங்களா?"

யோகேஸ்வரி அம்மாளின் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன். அதற்குள் அறையிலிருந்து மேடம் எழுந்து வந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

"வரி வாங்கறதுக்கு எதுக்கும்மா ஆதார்? எந்த விதியில இருக்கு?"

"எல்லாத்துக்கும் கேக்கறோமே மேடம்..."

"ஓடிப் போறவங்களைத் தேடிப் போய் வாங்கறோம். தேடி வர்றவங்களை நிறுத்தி வெச்சு விசாரிக்கறதா?" என்றவர், யோகேஸ்வரி அம்மாள் பக்கம் திரும்பி, "உள்ளே ஃபேன் இருக்கு. ரசீது வர்ற வரைக்கும் வந்து உக்காரறீங்களா?" என்றார்.

ரசீது வந்தது. அதில் வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது. கட்டடம் அவருடையது அல்லவா. கூடவே ஒன்று நடந்தது. எங்கள் கணினியில் வீட்டுக்காரரின் போன் நம்பர் இருந்தது. வரி செலுத்தியதற்கு நன்றி என்று ஒரு எஸ்.எம்.எஸ். அவருக்குப் பறந்துவிட்டது. சேகர் கடப்பாரையைத் தோளில் போடுவதற்குள் மனிதர் கே.கே. நகரிலிருந்து காரில் வந்து இறங்கிவிட்டார்.

"என் வீட்டுக்கு யாரைக் கேட்டு வரி வாங்கினீங்க?"

என் பணிக்காலத்தில் நான் கேட்ட புகார்களிலேயே இது தனி ரகம். மேடம் வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"'என் வரி பாக்கியை வசூல் பண்ணிட்டாங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?"

"விளையாடாதீங்க மேடம். அவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? பேப்பர் கிடையாது. இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். நைட்டுக்குள்ள நாலு குடும்பத்தையும் வண்டியில ஏத்திடுவாங்க."

குழாய் இணைக்க எங்களோடு போகக் காத்திருந்த யோகேஸ்வரி அம்மாள் அதே அறையில், அந்த மின்விசிறிக் காற்றில்தான் உட்கார்ந்திருந்தார். ரசீதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "ஸ்டேஷன்ல முதல்ல என்ன கேப்பாங்க? எத்தனை வருஷமா வாடகைக்கு இருக்காங்க, நீங்க ஏன் தகவல் குடுக்கலேன்னு கேக்க மாட்டாங்களா? வரின்னு சொல்லி மாசாமாசம் வாங்கினது எங்க போச்சுன்னு கேக்க மாட்டாங்களா?"

வீட்டுக்காரர் கார் சாவியை விரலில் சுற்றத் தொடங்கினார்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பைப் பார்த்தார். "மூர்த்தி, வீடு எத்தனை மாடி?"

"கீழேயும் ஒரு மாடியும் மேடம்."

"இதுல கீழ்த்தளம் மட்டும்தானே இருக்கு? மேல இருக்கிற மாடி யாரோடது?"

கோப்பில் மாடியே இல்லை. இரண்டு குடும்பம் குடியிருந்த, மாதா மாதம் வாடகையும் "வரி"யும் வசூலான அந்த மாடி, எங்கள் ஆவணப்படி வெறும் ஆகாயம். பேப்பர் இல்லாதவர்களைப் பற்றிப் பேச வந்தவருடைய மாடிக்கே பேப்பர் இல்லை.

"இது... அது அப்புறம் கட்டினது..."

"அளக்கறது எப்படியும் அளக்கத்தானே போறோம்? நாளைக்குக் காலையில நீங்களும் வந்துடறீங்களா?"

வீட்டுக்காரர் அந்த வெள்ளைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஏன் அதை எடுத்துப்போனார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அபார்ட்மெண்டும் எழும்பவில்லை. மறுநாள் மாடியை அளந்தோம்; டேப்பின் மறுமுனையை நான் பிடித்தேன், இந்தத் தடவை பின்னால் பார்த்துக்கொண்டு. அந்த வீட்டின் வரி ஏறியது. அதன்பின் ஒவ்வொரு அரையாண்டும் "குடியிருப்பவர்" வந்து கட்டிவிட்டு, வாடகையில் கழித்துக்கொண்டார். என் வார்டில் நான் போய் மணியடிக்காமல் வரி வந்த ஒரே வீடு அது. தினேஷ், நீ கேட்டாயே அவர்கள் என்ன கட்டுகிறார்கள் என்று. உன் மெஷினில் அந்தக் கதவு எண்ணைத் தட்டிப் பார். அவர்கள் பெயரைத் தேடாதே, கிடைக்காது.

சரி, குழாய் இணைத்த அன்றைக்கு வருகிறேன். வீட்டுக்காரரின் கார் போனதும், மாலை வெயிலில் நானும் சேகரும் போனோம். தோண்டி, இணைத்து, மண் மூடி, வால்வைத் திறந்தாயிற்று. நான்கு போர்ஷன் ஆட்களும் குடங்களோடு நின்றார்கள். முதல் நாள்போலவே யாரும் பேசவில்லை. யோகேஸ்வரி அம்மாள் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. அப்புறம் தண்ணீர் வந்தது, சேற்று நிறத்தில், கொஞ்சம் மண்ணோடு.

அவர் குடத்தை எட்டிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கை இடுப்புக்குப் போயிற்று.

"என்ன ஐயா இது? காசை முழுசா வாங்கிப்போட்டு இந்தக் கலங்கல் தண்ணியையோ விடுறியள்? இதில இடியாப்பம் அவிக்கேலுமோ?"

தெருவே கேட்கும் குரல். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சேகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கொஞ்ச நேரம் ஓடவிட்டாத் தெளிஞ்சிடும்மா."

"அந்தக் கொஞ்ச நேரத்துத் தண்ணிக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினனீங்கள்?"

சேகர் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே, லைனைக் கழுவிவிட வால்வு இருக்கும் தெருமுனைக்கு ஓடினேன். தொப்பை குலுங்க ஓடினேன். பின்னால் அவர் குரல் வந்துகொண்டேயிருந்தது.